கனமான குழாய், கனமான விசில்: லோ விசிலின் எடை எங்கிருந்து வருகிறது?

லோ விசில் என்பது அயர்லாந்து இசையில் வாசிக்கப்படும் நீளமான குழல். என்னுடைய முதல் லோ விசிலை அரை மணி நேரம் வாசித்தால் போதும், வலது கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்க ஆரம்பித்துவிடும். பிடிக்கும் முறையில்தான் தவறு என்று நினைத்து, மாதக்கணக்கில் விரல்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வலி போகவில்லை. அப்புறம் ஒருநாள் நண்பர் ஒருவரின் விசிலை வாங்கி வாசித்தபோதுதான் உறைத்தது. அதே நீளம், பார்வைக்கு அதே பருமன், அதுவும் அலுமினியம்தான். ஆனால் எடை என்னுடையதில் பாதிதான் இருக்கும். திருப்பிப் பிடித்து அடிமுனையைப் பார்த்தேன். என் விசிலின் குழாய்ச் சுவர் 2 மி.மீ., அவருடையது 1 மி.மீ.

தமிழில் 'கனம்' என்றால் தடிமன், எடைக்கும் அதே சொல்தான். கனமான தகடு என்று சொல்லும்போது இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. லோ விசிலைப் பொறுத்தவரை அந்த ஒரு சொல்லே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. சுவரின் கனம் எவ்வளவோ, ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் கையில் ஏறும் கனமும் இருக்கும். மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பெருக்கல் தேவை. பள்ளிக் கணக்குக்கு மேல் எதுவும் வராது.

இந்த வாத்தியத்தைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக இரண்டு வரி. அயர்லாந்து இசையில் வாசிக்கப்படும் டின் விசில் ஒரு சிறிய குழல். ஆறு துளைகள், தலைப்பக்கம் ஓர் அடைப்பான், அடைப்பானுக்கு மேலே காற்று போக ஒரு மெல்லிய வழி, அந்தக் காற்று மோதிப் பிளக்க ஒரு கூர்மையான விளிம்பு. அவ்வளவுதான் அதன் அமைப்பு. அதையே ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்படி நீட்டினால் லோ விசில். மிகப் பரவலாக இருப்பது லோ டி; 'டி' என்பது அதன் அடிச்சுரத்துக்கு மேற்கத்திய இசையில் உள்ள பெயர். எல்லாத் துளைகளையும் மூடி ஊதினால் ஏறக்குறைய 294 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். உலோகத்தில் இன்று நாம் பார்க்கும் லோ விசிலுக்கு வயது அதிகமில்லை. 1971இல் இங்கிலாந்தில் பெர்னார்ட் ஓவர்டன் என்பவர், ஐரிஷ் இசைக்கலைஞர் ஃபின்பார் ஃபியூரிக்காகச் செய்து கொடுத்ததில் அது தொடங்கியது. ஃபியூரி ஆசையாக வைத்திருந்த இந்திய மூங்கில் குழல் உடைந்துபோனது. அதைச் சரிசெய்ய முடியாமல் போகவே, ஓவர்டன் உலோகக் குழாயில் புதிதாக ஒன்றைச் செய்தார். மூங்கிலின் எடைக்குப் பழகிய கைக்கு உலோகம் வந்து சேர்ந்த அந்த நாளிலேயே, இந்தக் கட்டுரையின் கேள்வியும் பிறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

சிறிய டின் விசிலில் எடை ஒரு பிரச்சினையே இல்லை. எந்த உலோகத்தில் செய்தாலும் இரண்டு விரலால் தூக்கிவிடலாம். லோ விசிலில் நீளம் இரட்டிப்பாகிறது, விட்டமும் கூடுகிறது. கூடவே பெரிய குழாயைக் கொஞ்சம் தடிமனான சுவரோடுதான் வாங்குவோம். மூன்றும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். மூன்று அளவுகளுமே இரட்டிப்பானால் எடை எட்டு மடங்கு. இங்கே கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயை விரித்துப் பார்ப்போம்

ஒரு குழாயை நீளவாக்கில் வெட்டி, விரித்துத் தட்டையாக்கியதாகக் கற்பனை செய்யுங்கள். ஒரு செவ்வகத் தகடு கிடைக்கும். அதன் நீளம் குழாயின் நீளம். அகலம் குழாயின் சுற்றளவு. தடிமன் சுவரின் தடிமன். மூன்றையும் பெருக்கினால் உலோகத்தின் கன அளவு வரும். அதை அந்த உலோகத்தின் அடர்த்தியால் பெருக்கினால் எடை.

இதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. எந்தச் சுற்றளவை எடுப்பது? வெளிப்பக்கச் சுற்றளவு பெரியது, உள்பக்கச் சுற்றளவு சிறியது. இரண்டுக்கும் நடுவே, சுவரின் பாதி ஆழத்தில் ஓடும் வட்டத்தை எடுத்தால் கணக்கு மிகச் சரியாக வரும். அந்த நடுவட்டத்தின் விட்டம், வெளிவிட்டத்திலிருந்து ஒரு சுவர்த் தடிமனைக் கழித்தது. ஆக, வெளிவிட்டம் கழித்தல் சுவர், பெருக்கல் சுவர், பெருக்கல் பை (π, சுமார் 3.14), பெருக்கல் நீளம். இதுதான் முழுச் சூத்திரமும்.

லோ டி ஒன்றுக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்த நீளம் 58 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இது நான் இஷ்டத்துக்கு எடுத்த எண் இல்லை. 20 டிகிரி வெப்பநிலையில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். இரு முனையும் திறந்த குழலில் அடிச்சுரத்துக்குப் பாதி அலைநீளம் தேவை. 294 ஹெர்ட்ஸுக்கு அது 58 செ.மீ. சொச்சம் வரும். முனைகளில் காற்று சற்று வெளியே தள்ளியும் அதிர்வதால், ஒலிக்கும் குழாய் அதைவிடச் சில சென்டிமீட்டர் குறைவாக இருந்தால் போதும். ஆனால் தலையில் அடைப்பானுக்கும் வாய் வைக்கும் பகுதிக்கும் அந்தச் சில சென்டிமீட்டர் மறுபடி சேர்ந்துவிடுகிறது. அதனால் மொத்த நீளம் 58 செ.மீ.யை ஒட்டியே வந்து நிற்கும்.

வெளிவிட்டம் 25 மி.மீ., சுவர் 1.5 மி.மீ., அலுமினியம். நடுவட்ட விட்டம் 23.5. அதை 1.5 ஆல் பெருக்கி, பையால் பெருக்கினால் 110.7 சதுர மி.மீ.; இது சுவரின் குறுக்குவெட்டுப் பரப்பு. 580 மி.மீ. நீளத்துக்கு 64.2 கன செ.மீ. அலுமினியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம். எடை 173 கிராம்.

பையையும் 2.7ஐயும் முதலிலேயே பெருக்கி வைத்துக்கொண்டால் வேலை இன்னும் சுலபம். அலுமினியக் குழாய் என்றால், வெளிவிட்டத்திலிருந்து சுவரைக் கழித்து, சுவரால் பெருக்கி, 8.48 ஆல் பெருக்குங்கள் (எல்லாம் மில்லிமீட்டரில்). ஒரு மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். பித்தளைக்கு 8.48க்குப் பதில் 26.7. இந்த இரண்டு எண்களையும் என் பட்டறை மேஜைக்கு மேலே சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். குழாய் வாங்குவதற்கு முன்பே விசில் எவ்வளவு எடை வரும் என்று தெரிந்துவிடுகிறது.

துளைகளைத் தோண்டிய பிறகு எடை குறையுமே என்று கேட்கலாம். குறையும், ஆனால் பொருட்படுத்தத் தேவையில்லை. 10 மி.மீ. விட்டத்தில் ஆறு துளைகள், 1.5 மி.மீ. சுவரில், எல்லாம் சேர்த்து 2 கிராம்கூட இல்லை.

சுவர்தான் முக்கியமான திருகு

வெளிவிட்டத்தை 25 மி.மீ. என்றே நிறுத்திக்கொண்டு சுவரை மட்டும் மாற்றிப் பார்ப்போம். 1 மி.மீ. சுவர் 118 கிராம். 1.5 மி.மீ. சுவர் 173 கிராம். 2 மி.மீ. சுவர் 226 கிராம். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிவிட்டது. பார்வைக்கு இந்த மூன்று விசில்களும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடிமுனையில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

இனி விட்டம். சுவரை 1.5 மி.மீ. என்று நிறுத்திவிட்டு வெளிவிட்டத்தை மாற்றினால், 22 மி.மீ. குழாய் 151 கிராம், 25 மி.மீ. குழாய் 173, 28 மி.மீ. குழாய் 196. ஒல்லியான விசிலுக்கும் பருமனான விசிலுக்கும் நடுவே 45 கிராம். விட்டத்தில் 6 மி.மீ. மாறியும் இவ்வளவுதான். சுவரில் அரை மி.மீ. மாற்றமே இதைவிட அதிகம் செய்கிறது. எனவே, "இந்த விசில் பருமனாக இருக்கிறது, கனமாகத்தான் இருக்கும்" என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டுவது சரியாக வராது. பருமனான, மெல்லிய சுவர் விசில், ஒல்லியான தடித்த சுவர் விசிலைவிட லேசாக இருக்கும்.

விட்டத்தைக் குறைத்து எடையைக் குறைக்கலாமே என்ற யோசனை புதிதாகச் செய்ய வருகிறவர்களுக்கு அடிக்கடி வரும். வேண்டாம் என்பேன். உள்விட்டம் என்பது விசிலின் குரல். அகலமான உள்விட்டம் கீழ் ஸ்தாயியில் நிறைந்த, வலுவான ஒலியைக் கொடுக்கும். மூச்சும் அதிகம் கேட்கும், மேல் ஸ்தாயிக்கு ஏறக் கூடுதல் அழுத்தமும் கேட்கும். குறுகலான உள்விட்டம் மேலே சுலபமாக ஏறும், கீழ்ச்சுரங்களில் மெலிந்துபோகும். குரலுக்கு ஏற்ற உள்விட்டத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, எடையைச் சுவரில் தேட வேண்டும். இந்த வரிசை மாறினால் கையில் லேசாகவும் காதில் சோகையாகவும் ஒரு விசில் மிஞ்சும்.

இங்கேதான் பலர் சறுக்கும் இடமும் இருக்கிறது. குழாயை வெளிவிட்டம், சுவர் என்ற இரண்டு அளவுகளால்தான் குறிப்பிட்டு விற்பார்கள். உள்விட்டத்தை நாம்தான் கணக்குப் போட வேண்டும். வெளிவிட்டத்திலிருந்து சுவரை இரண்டு முறை கழிக்க வேண்டும், ஏனென்றால் குழாய்க்கு இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர். ஒரு முறை மட்டும் கழித்துவிட்டு அடைப்பானைக் கடைந்து, அது உள்ளே போகவே போகாமல் தவித்தவர்களில் நானும் ஒருவன்.

இதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன மூன்று 25 மி.மீ. குழாய்களில் 2 மி.மீ. சுவர் உள்ளதற்கு உள்விட்டம் 21 மி.மீ., 1 மி.மீ. சுவர் உள்ளதற்கு 23 மி.மீ. காற்றுத் தூணின் குறுக்குப் பரப்பு 346 சதுர மி.மீ.யிலிருந்து 415க்குப் போகிறது. 20 சதவீதம் அதிகம். எடையைக் குறைக்கிறேன் என்று அதே வெளிவிட்டத்தில் மெல்லிய குழாய் எடுத்தவர், தெரியாமலேயே வேறொரு விசிலைச் செய்துகொண்டிருக்கிறார். துளைகளின் இடத்தையும் அளவையும் பழைய விசிலிலிருந்து அப்படியே நகலெடுத்தால் சுருதி ஒத்துவராது.

நியாயமான ஒப்பீடு வேண்டுமானால் உள்விட்டத்தை நிறுத்திக்கொண்டு சுவரை வெளிப்பக்கமாக மாற்றிப் பார்க்க வேண்டும். உள்விட்டம் 22 மி.மீ. என்றால், 1 மி.மீ. சுவருக்கு 113 கிராம், 1.5க்கு 173, 2க்கு 236. சுவர் இரட்டிப்பானபோது எடை இரட்டிப்புக்கும் சற்று மேலே போய்விட்டது. சுவர் வெளிப்பக்கமாக வளரும்போது சுற்றளவும் கூடவே வளர்வதுதான் காரணம்.

உள்விட்டம் மாறாவிட்டாலும் சுவர் மாறினால் ஒலியில் ஒரு சிறு மாற்றம் வரும். துளையின் ஆழம் என்பது சுவரின் தடிமன்தான். ஆழம் குறைந்தால் அந்தத் துளையின் சுருதி சற்று ஏறும். மெல்லிய சுவரில் அதற்கேற்பத் துளையைக் கொஞ்சம் சிறிதாக்க வேண்டிவரும். துளையின் ஓரமும் மெல்லிய சுவரில் விரலை அறுப்பதுபோல இருக்கும், நன்றாக மழுக்கிவிட வேண்டும். தடித்த சுவரில் இந்தத் தொல்லை இல்லை. விரல் பதிய ஒரு நல்ல திண்டு கிடைக்கிறது. தடித்த சுவர் விசில்களை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு ஒப்புக்கொள்ளத் தோன்றுவது இதுதான்.

அங்குலக் குழாய்களும் கேஜ் எண்களும்

அங்குல அளவில் வரும் குழாய்களில் சுவரை மில்லிமீட்டரில் சொல்லாமல் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் கூடக் கூடச் சுவர் மெலியும். பிரிட்டிஷ் தர அளவில் 16 கேஜ் என்றால் 1.63 மி.மீ., 18 கேஜ் என்றால் 1.22 மி.மீ. ஓர் அங்குல அலுமினியக் குழாயில், நம்முடைய 58 செ.மீ. நீளத்துக்கு, 16 கேஜ் 191 கிராம், 18 கேஜ் 145 கிராம். இரண்டு எண் நகர்ந்ததில் 46 கிராம் போய்விட்டது. குழாய் வாங்கும்போது அந்தச் சிறிய எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நீளத்தில் ஒளிந்திருக்கும் சூட்சுமம் எதுவும் இல்லை. ஒரே குழாயில் சுருதி இறங்க இறங்க நீளம் கூடும், அதே விகிதத்தில் எடையும் கூடும். 25க்கு 1.5 குழாயில் (வெளிவிட்டம் 25 மி.மீ., சுவர் 1.5 மி.மீ.) லோ எஃப் செய்தால் ஏறக்குறைய 145 கிராம், லோ சி என்றால் 194. இன்னும் கீழே போகிறவர்கள் விட்டத்தையும் பெரிதாக்குவார்கள் என்பதால் எடை இதைவிட வேகமாக ஏறும்.

அலுமினியமா, பித்தளையா?

பித்தளையின் அடர்த்தி சுமார் 8.5. அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். 25க்கு 1.5 குழாயைப் பித்தளையில் எடுத்தால் 546 கிராம். அரைக் கிலோவுக்கு மேல்! செம்பில் 575. இதைக் கையில் பிடித்து ஒரு பாட்டை வாசித்து முடிப்பதே பெரும்பாடு. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "லோ விசில் என்றால் அலுமினியம்தான், பித்தளை பக்கம் போகவே கூடாது" என்று முடிவு செய்பவர்கள் உண்டு.

ஆனால் பித்தளையை யாரும் 1.5 மி.மீ. சுவரில் எடுக்க வேண்டியதில்லை. அரை மி.மீ. சுவரில் அதே வெளிவிட்டப் பித்தளைக் குழாய் 190 கிராம்தான். அலுமினியத்தின் 173க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. காரணத்தை ஒரே எண்ணில் பிடிக்கலாம்: சுவரின் தடிமனையும் அடர்த்தியையும் பெருக்குங்கள். அலுமினியம் 1.5 பெருக்கல் 2.7, அதாவது 4.05. பித்தளை 0.5 பெருக்கல் 8.5, அதாவது 4.25. இந்தப் பெருக்குத்தொகை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அதே விட்டத்துக்கும் நீளத்துக்கும் எடையும் பக்கத்தில்தான் இருக்கும். டைட்டேனியத்தின் அடர்த்தி 4.5, அதில் 0.9 மி.மீ. சுவர் எடுத்தால் இதே எடைக்கு வரும். எந்த உலோகம் என்ற கேள்வி தனியாக நிற்கவே நிற்காது. எந்த உலோகம், எந்தச் சுவர் என்று இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

மெல்லிய பித்தளைக்கு ஒரு குறை உண்டு. கை தவறிக் கீழே விழுந்தால் நசுங்கும். அடிமுனையில் சிறு நசுங்கல் என்றால் நிமிர்த்திவிடலாம். விளிம்புக்குப் பக்கத்தில் நசுங்கினால் குரலே போய்விடும். 1.5 மி.மீ. அலுமினியம் இதில் நிம்மதி. பையில் போட்டு எடுத்துப் போகலாம், நாற்காலியிலிருந்து உருண்டு விழுந்தாலும் ஒரு கீறலோடு தப்பித்துவிடும்.

சூடாகும் விஷயத்தில் மெல்லிய பித்தளைக்குத்தான் சாதகம். விசிலைக் குளிர்ச்சியாக எடுத்து ஊதினால், மூச்சிலிருக்கும் ஈரம் காற்றுவழியில் படிந்து குரலை அடைக்கும். உலோகம் சூடேறிய பிறகுதான் இது சரியாகும். ஒரு கிராம் அலுமினியத்தைச் சூடாக்க, ஒரு கிராம் பித்தளைக்குத் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமான வெப்பம் தேவை. ஏறக்குறைய ஒரே எடையுள்ள இரண்டு விசில்களில் பித்தளை விசில் சீக்கிரம் தயாராகிவிடும்.

கனமான உலோகம் என்றால் குரலும் கனமாக இருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. குழலில் அதிர்வது காற்று. குழாய்ச் சுவர் அந்தக் காற்றுக்கு எல்லை மட்டும் கட்டுகிறது. 1971இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றில் உள்ளளவுகள் ஒத்த குழல்களைச் செய்து சோதித்தார். கேட்டவர்களாலும் சரி, வாசித்தவர்களாலும் சரி, ஒலியை வைத்து எது எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு விசில்கள் வேறு மாதிரி ஒலித்தால், உள்விட்டத்தையும் காற்றுவழியையும் விளிம்பின் வெட்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். எடைக்காகக் குரலை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது?

தராசு காட்டும் எடை ஒன்று, கட்டைவிரல் தாங்கும் எடை வேறு. எனக்கு இது புரியக் கொஞ்சம் காலம் பிடித்தது. புரிந்த பிறகு விசிலைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

லோ விசிலில் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். விரல் நுனிகளால் எட்டாது என்பதால், விரல்களைத் தட்டையாக நீட்டி, நடுக்கணுவால் துளைகளை மூடுவார்கள். பைப்பர் பிடி என்று இதற்குப் பெயர். விரல்கள் துளைகளின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் அவை எடையைத் தாங்காது. எல்லா விரல்களையும் தூக்கும் சுரத்தில் விசில் பெரும்பாலும் உதட்டிலும் கட்டைவிரல்களிலும்தான் நிற்கிறது. கணக்கை எளிதாக்க இடது கட்டைவிரலை மறந்துவிடுவோம். தலைமுனை உதட்டில், இன்னொரு தாங்கல் வலது கட்டைவிரலில், தலையிலிருந்து சுமார் 40 செ.மீ. தூரத்தில்.

சீரான குழாயின் எடை மையம் நடுவில், 29 செ.மீ.யில் இருக்கும். நெம்புகோல் விதிப்படி கட்டைவிரல் தாங்குவது மொத்த எடையில் 40க்கு 29 பங்கு. 173 கிராம் விசிலில் அது 125 கிராம். 2 மி.மீ. சுவருள்ள என் முதல் விசிலில் 164 கிராம். மணிக்கணக்கில் அசையாமல் ஒரு விரல் இதைத் தாங்க வேண்டும். வலிக்காமல் என்ன செய்யும்?

இப்போது அடைப்பானைப் பாருங்கள். 22 மி.மீ. உள்விட்டத்துக்கு 3 செ.மீ. நீளத்தில் திடமான அலுமினிய அடைப்பான் போட்டால் ஏறக்குறைய 31 கிராம் வரும். பயமுறுத்தும் எண்தான். ஆனால் அதன் மையம் உதட்டிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. கட்டைவிரலுக்குப் போவது 40க்கு 2 பங்கு, ஒன்றரை கிராம். அடைப்பானைப் பிளாஸ்டிக்கில் செய்து எடையைக் குறைத்தேன் என்று சொன்னால், தராசில் உண்மை, கையில் வித்தியாசமே தெரியாது. சுருதியைக் கூட்டிக் குறைக்க நடுவே பொருத்தும் பித்தளைச் செருகுகுழாயும் இப்படித்தான். அது தலைக்குப் பக்கத்தில், 12 செ.மீ.யில் இருந்தால், 18 கிராம் செருகல் கட்டைவிரலுக்குக் கொடுப்பது 5 கிராமுக்குச் சற்று மேல். அதற்குக் கிடைக்கும் வசதியோடு ஒப்பிட்டால் ஏற்றுக்கொள்ளக்கூடிய விலை.

அடிமுனையில் கதை தலைகீழ். அங்கே இருக்கும் ஒவ்வொரு கிராமும் கட்டைவிரலில் ஒன்றரை கிராமாக இறங்கும். ஆக, ஒரே எடையுள்ள இரண்டு விசில்களில், தலை கனத்து அடி மெலிந்தது கையில் லேசாகத் தெரியும். அடி கனத்தது கீழே இழுக்கும். விசில் வாங்கும்போது தராசில் வைத்துப் பார்ப்பதோடு, ஒரு விரலின் மேல் படுக்கவைத்து எந்த இடத்தில் சமநிலையில் நிற்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். நடுப்புள்ளிக்கு மேலே, தலைப்பக்கமாக நின்றால் நல்லது.

எவ்வளவு எடை சரி என்று என்னைக் கேட்டால், லோ டிக்கு 150 முதல் 190 கிராம் வரை என்பேன். அதற்கும் குறைந்தால் வேறொரு தொல்லை. விரல்கள் வேகமாகத் துளையில் விழும்போது விசில் துள்ளுகிறது, உதட்டில் நிலைக்க மறுக்கிறது. நண்பரின் 1 மி.மீ. விசிலை வாசித்த முதல் பத்து நிமிடம் இறகு போல இருந்தது. அரை மணி நேரத்துக்குப் பிறகு, அதை அடக்கிப் பிடிக்க நான் விரல்களை இறுக்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். கொஞ்சம் கனம் விசிலை நிதானப்படுத்துகிறது.

ஏற்கெனவே கையில் இருக்கும் விசிலை அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். வெளிவிட்டத்தை நடுவில் எங்காவது அளங்கள். உள்விட்டத்தை அடிமுனையில் அளக்கும்போது மட்டும் எச்சரிக்கை. அந்த ஓரத்தைப் பெரும்பாலும் சாய்வாகச் சீவியிருப்பார்கள், அளவு கூடுதலாகக் காட்டும். காலிப்பரின் உள் அலகுகளைக் கொஞ்சம் உள்ளே செலுத்தி அளந்தால் சரியாக வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் சுவர். கணக்குப் போட்டு வந்த எண்ணையும் தராசு காட்டும் எண்ணையும் ஒப்பிடுங்கள். தராசு கூடுதலாகக் காட்டினால் அந்த மிச்சம் அடைப்பானும் செருகலும்.

என் முதல் விசிலைத் தராசில் வைத்தபோது 243 கிராம் காட்டியது. அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, அதன் குரல் எனக்கு அவ்வளவு பிடிக்கும். உள்ளே கை வைத்தால் குரல் மாறும், துளைகள் இருக்கும் பகுதியைத் தொட்டால் சுருதி மாறும். கடைசித் துளைக்குக் கீழே இருக்கும் 13 செ.மீ. மட்டும்தான் யாருக்கும் வலிக்காமல் சீவக்கூடிய இடம். லேத்தில் கொடுத்து, அந்தப் பகுதியில் வெளிப்பக்கமாக முக்கால் மி.மீ. கடைந்து எடுக்கச் சொன்னேன். 25 மி.மீ. இருந்த வெளிவிட்டம் அங்கே 23.5 ஆனது, சுவர் 1.25 ஆனது. உள்விட்டம் அப்படியே. போன உலோகம் 20 கிராம். மொத்த எடையில் அது 8 சதவீதம்தான். ஆனால் போனது அடிமுனையிலிருந்து என்பதால் கட்டைவிரலின் சுமை 26 கிராம் இறங்கியது, கிட்டத்தட்ட 16 சதவீதம். சுருதி அசையவில்லை. இப்போது ஒரு மணி நேரம் வாசிக்கிறேன்.